மங்கலாகத் தெரிந்த ஃபோல்டர்

அந்த வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் பெரியவளைத்தான் கூப்பிடுவார்கள். பெரியவள் என்றால் மூத்த மருமகள். அவளும் அவள் கணவனும் மாடியில் இருந்தார்கள். கீழே மாமியார், கொழுந்தன், கொழுந்தனின் மனைவியான சின்னவள், அவர்களுடைய மூன்றரை வயது மகன் வாண்டு. சமையலும் சாப்பாடும் எல்லோருக்கும் கீழேதான்.

பெரியவள் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில், எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுபோனது, யாரை அனுப்புவது என்று பதிவு செய்கிற வேலை அவளுக்கு. ஒருமுறை ஆபீஸில் ஒரு பென் டிரைவைச் செருகியதும் உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் மாயமாகிவிட்டன. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, எப்போதோ ஒரு வீடியோவில் பார்த்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. மறைந்திருப்பவற்றைக் காட்டு என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். காணாமல் போனவை எல்லாம் மங்கலாகத் திரும்பி வந்தன. வைரஸ்தான் அவற்றை ஒளித்து வைத்திருந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அதை வீட்டில் வந்து சொன்னபோது கணவன் சிரித்துக்கொண்டே, "அப்ப நீ வைரஸ் டாக்டர்னு சொல்லு" என்றான். கேலியாகத்தான் சொன்னான். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். பெரியவள் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. பாராட்டு என்பது அவள் வாழ்க்கையில் அடிக்கடி கிடைத்த சமாச்சாரமில்லை.

அந்த ஒரு சம்பவத்திலிருந்து அவள் தனக்கென்று ஒரு பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மங்கலாகத் தெரிந்தால் அதில் வைரஸின் கை இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவள் படிக்கட்டின் கீழே நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன். என்னமோ செவப்பா வந்து வந்து பயமுறுத்துது."

சின்னவள் அந்த லேப்டாப்பில்தான் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பாள். திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி. உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள், உடனே அழுத்துங்கள் என்று கண் சிமிட்டியது. மூடினால் மறுபடி முளைத்தது.

"நேத்து இதை யாரு எடுத்தது?" என்று பெரியவள் கேட்டாள்.

"இவருதான். ஓசியில ஃபுட்பால் மேட்ச் காட்டுற ஏதோ ஒரு சைட்ல பாத்துட்டு இருந்தாரு."

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திறந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினாள். அவற்றில் திரைக்குள்ளேயே ஓரமாக ஒட்டி எழுதி வைக்கிற, ஸ்டிக்கி நோட்ஸ் என்ற மஞ்சள் சீட்டுகளும் இருந்தன. வாண்டு பேச ஆரம்பித்ததே தாமதமாகத்தான். அவனைப் பார்க்கும் பேச்சுப் பயிற்சியாளர், அவன் புதிதாக ஒரு வார்த்தை சொன்னால் என்றைக்கு, எதைப் பார்த்து, எப்படிச் சொன்னான் என்று குறித்து வைக்கச் சொல்லியிருந்தார். லேப்டாப் எப்போதும் திறந்தே கிடப்பதால் சின்னவள் அந்த மஞ்சள் சீட்டுகளில் எழுதி வந்தாள். மூடும்போது ஒன்று பெரியவள் கண்ணில் பட்டது. 'செருப்பைப் பார்த்ததும் போலாம். போயாம் என்றுதான் சொன்னான்.' சிரித்துக்கொண்டே அதையும் மூடினாள்.

பிறகு அந்த டிக்கைப் போட்டாள். சின்னவளின் பெயரில் இருந்த இடத்தில், பளிச்சென்று இருந்த ஃபோல்டர்களுக்கு நடுவே ஒன்று மங்கலாகத் தலைகாட்டியது. ஆப்டேட்டா என்று பெயர். அளவைப் பார்த்தால் பூதம் மாதிரி இருந்தது.

"பாரு, எப்படி ஒளிஞ்சுக்கிட்டு இருக்குன்னு."

"ஐயோ. இதை நான் பாத்ததே இல்லையேக்கா. அழிச்சா ஒண்ணும் ஆகாதே?"

"நம்ம ஃபைலுன்னா பளிச்சுனு இருக்கும். ஒளிஞ்சு உக்காந்திருக்கிறதுக்கு இங்க என்ன வேலை?"

இது குப்பைத் தொட்டிக்குள் அடங்காது, நிரந்தரமாக அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டரே கேட்டது. அழி என்றாள். சில ஃபைல்கள் போக மறுத்தன. "அடம் பிடிக்குது பாரு" என்று அவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் வழித்துத் துடைத்தாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டபோது சிவப்புப் பெட்டி வரவில்லை. மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பெரியவ கை வச்சா சரியாயிடும்" என்றாள். பெரியவள் எழுந்து மாடிப்படி ஏறும்போது அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

மத்தியானம் சின்னவள் மாடிக்கே வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, மஞ்சள் சீட்டெல்லாம் காணோம். தொறந்தா காலியா இருக்கு."

பெரியவள் வந்து பார்த்தாள். வெற்று மஞ்சள் சீட்டு ஒன்றே ஒன்று, எழுதுங்கள் என்பதுபோல் நின்றது. அதை மூடித் திறந்து பார்த்தாள்; அப்படியேதான் இருந்தது. வாயில் வந்தது, அப்போது அவள் மனதார நம்பியதுதான்.

"வைரஸ் தின்னுட்டுப் போயிருக்கும்மா. நேத்தே போயிருக்கும்."

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வெளியே போய்விட்டு வந்த கொழுந்தனிடம் அவள் சத்தம் போடவில்லை. "நீங்க பாத்த மேட்ச்சால எல்லாம் போச்சு" என்று மட்டும் சொன்னாள். அவன் செய்வதறியாமல் லேப்டாப்பைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான்.

மறுநாள் ஆபீஸில், பக்கத்து சீட்டுக்காரியிடம் பெரியவள் இந்தக் கதையைச் சொன்னாள். ஒரு வைரஸ் எவ்வளவு பெரிய ஃபோல்டராக ஒளிந்திருந்தது என்று கையை விரித்துக் காட்டினாள்.

"எனக்கும் பாத்துச் சொல்லேன்" என்று பக்கத்து சீட்டுக்காரி தன் கம்ப்யூட்டரைத் திருப்பினாள்.

பெரியவள் அந்த டிக்கைப் போட்டாள். ஆப்டேட்டா. அதே மங்கல்.

"எனக்குமா?"

பெரியவள் தன் கம்ப்யூட்டரில் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. கேஷியர் டீ குடிக்கப் போயிருந்தார். அவருடையதில் பார்த்தார்கள். அதிலும் இருந்தது.

"அப்ப ஆபீஸ் முழுக்க வைரஸா? சிஸ்டம்காரருக்குப் போன் போடட்டா?"

பக்கத்து சீட்டுக்காரி ரிசீவரை எடுத்தேவிட்டாள். பெரியவள் அவள் கையைப் பிடித்தாள். "இரு. போடாதே."

தன் இடத்துக்கு வந்து அந்தப் பெயரைத் தட்டித் தேடினாள். முதலில் வந்த பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிற இடம் அது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். தெரியாமல் யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை மறைத்து வைத்திருக்கிறார்கள். கீழே இன்னும் சில வரிகள் தள்ளி, திரையில் ஒட்டும் சீட்டுகளும் அதற்குள்தான் சேமிக்கப்படும் என்று போட்டிருந்தது. அந்தச் சிவப்புப் பெட்டியைப் பற்றியும் தேடிப் பார்த்தாள். அது வைரஸே இல்லை. அந்த மேட்ச் சைட் அனுப்புகிற விளம்பரம். அனுமதியை நிறுத்தினால் நின்றிருக்கும்.

தெரியாமல் யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காகவே. அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். காது மடல்கள் சுட்டன. பக்கத்து சீட்டுக்காரி, "என்னாச்சு, வைரஸா இல்லையா?" என்று கேட்டபோது, "இல்ல, சும்மா இருக்கிறதுதான்" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கப் பிடிக்கவில்லை. இதுவரை எத்தனை வீட்டு லேப்டாப்பில் எதையெல்லாம் அழித்தோம் என்று யோசிக்க ஆரம்பித்து, யோசிக்கப் பயந்து நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ்ஸில் முடிவு பண்ணியிருந்தாள். ஆனால் வாசலிலேயே எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டாங்க பாரு உங்க வைரஸ் டாக்டர்" என்று மாமியார் அவளிடம் பெருமையாகச் சொன்னாள். பெரியவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். போனவள் புடவையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியதுமே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

மறுநாளும் சொல்லவில்லை. அன்று கொழுந்தன் லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தான். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோதுதான் வந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

"என்னடா சொன்னான் கடைக்காரன்?" என்று மாமியார் கேட்டாள்.

"வைரஸ்தானாம்மா. ஒண்ணும் மிச்சமில்லையாம். எடுக்க முடியாதுன்னுட்டாரு."

பெரியவளின் கை தட்டிலேயே நின்றது. கடைக்காரர் அப்படிச் சொல்லியிருக்க வழியே இல்லை. ஃபோல்டர் ஒன்று கிட்டத்தட்ட முழுசாகக் கையால் அழிக்கப்பட்டிருப்பது, திறந்து பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும். அப்படியென்றால் இவனுக்கும் தெரியும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கண்ட எடத்துல போய் மேட்ச் பாக்காதேன்னு" என்று மாமியார் ஆரம்பித்தாள். "புள்ள வாயிலேர்ந்து வர்றதை ஒவ்வொண்ணா பொறுக்கிப் பொறுக்கி எழுதி வச்சிருந்தா அவ. உனக்கு ஒரு ஆட்டந்தான் பெரிசாப் போச்சு. அண்ணியும் இல்லாட்டி லேப்டாப்பே போயிருக்கும்."

"ஆமாம்மா" என்றான் அவன். "தப்புதான்."

பெரியவளின் கணவன்கூட, "விடும்மா, சாப்பிடுறப்ப" என்றான். பெரியவள் விடவும் சொல்லவில்லை, தொடரவும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்தாள். தன்னைவிட வயதில் சிறியவன், தனக்காக வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். சோற்றைப் பிசைந்த கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், யாரும் பார்த்துவிடக் கூடாத ஒன்றுபோல.

சாப்பிட்டு முடிந்து, மற்றவர்கள் கூடத்துக்குப் போனார்கள். சின்னவள் சமையலறையில் பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் கதவருகில் வந்து நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"அது வைரஸ் இல்ல" என்றாள். "நான் அழிச்சதுதான். அந்த ஃபோல்டர் எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்கிறது. நேத்தே எனக்குத் தெரியும். ஆபீஸ்ல பாத்தேன். சொல்லல."

சின்னவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"தெரியும்க்கா."

"தம்பி சொன்னாரா?"

"கடையிலேர்ந்தே போன் பண்ணிட்டாரு. கடைக்காரரு கேட்டாராம், யாருங்க இதை உக்காந்து கையால அழிச்சதுன்னு. அண்ணி நமக்கு நல்லது பண்ணத்தான வந்தாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிடுவாங்க, வைரஸ்னே இருந்துட்டுப் போகட்டும்னாரு." அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "எனக்கு அது பிடிக்கல. நாளைக்கு மேல வந்து நானே கேக்கணும்னு இருந்தேன். ஆனா உங்களுக்கு நேத்தே தெரியும்னு எனக்குத் தெரியாது."

தெரியாமல் செய்ததை அவர்கள் மன்னிக்கத் தயாராக இருந்தார்கள். தெரிந்த பிறகு மூடி வைத்ததை அவளேதான் இப்போது கொண்டுவந்து போட்டிருந்தாள்.

"என் மேல கோவமா?" என்று கேட்டாள். கேட்டதும், சின்னப்பிள்ளை மாதிரி இதை ஏன் கேட்டோம் என்றிருந்தது.

"கோவம் இருக்குக்கா. போயிடும். இப்பப் போகல."

பெரியவள் நேராகக் கூடத்துக்குப் போனாள். மாமியார் வாண்டுவின் சட்டையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கணவனும் கொழுந்தனும் டிவி முன்னால் இருந்தார்கள். அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். வைரஸ் எதுவும் வரவில்லை, தம்பி பார்த்த மேட்ச்சால் ஒன்றும் போகவில்லை, நான்தான் எது என்னவென்று தெரியாமல் அழித்தேன், தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

மாமியார் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பெரியவளை ஒன்றும் சொல்லவில்லை. மகனைப் பார்த்து, "அப்ப நான் அந்தத் திட்டு திட்டினப்ப நீ ஏன்டா ஊமையாட்டம் இருந்தே?" என்றாள்.

"உன்கிட்ட திட்டு வாங்குறது எனக்கு என்ன புதுசாம்மா" என்றான் கொழுந்தன்.

யாரோ சிரித்தார்கள். பெரியவளின் கணவன்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மாடிக்குப் போன பிறகு, "அந்தப் பேரை வச்சதே நான்தான்" என்று மெதுவாகச் சொன்னான். அதற்கப்புறம் அவன் அவளை டாக்டர் என்று கூப்பிடவில்லை. கேலி நின்றதில் அவளுக்கு மனம் இன்னும் குன்றிப்போயிற்று.

பயிற்சியாளரிடம் போக வேண்டிய நாள் நெருங்கியது. அதற்கு முந்தின சாயங்காலம், நினைவிலிருப்பதையாவது எழுதிக்கொள்வோம் என்று கொழுந்தன் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தான். சின்னவள் பேனாவை எடுத்துக்கொண்டாள். முக்கால்வாசி வார்த்தைகள் அவளுக்கே நினைவிருந்தன. எப்போது, எப்படி என்பதுதான் கலங்கிப்போயிருந்தது.

"ஃபிரிட்ஜைத் தொறந்து போட்டதுக்கு என்னை 'மூது'ன்னு அதட்டினானே" என்றாள் மாமியார்.

"'இன்னொன்னு'க்கு 'நொன்னு'. பிஸ்கட் டப்பாகிட்ட" என்றான் கொழுந்தன்.

"என்கிட்டயும் ஒண்ணு சொல்லியிருக்கான்" என்றான் பெரியவளின் கணவன், அவசரமாக. "ரிமோட்டைப் புடுங்கிட்டு, 'என்து'ன்னான். என்னோடதுங்கிறதுக்கு."

சின்னவள் எழுதிக்கொண்டே வந்தாள். யாரும் பெரியவளைப் பார்க்கவில்லை, ஆனால் அவளுடைய முறை வந்துவிட்டது போலிருந்தது. அவள் தேடினாள். இதே வீட்டில் தினம் இரண்டு வேளை இந்தக் குழந்தையின் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவன் வாயசைத்தது, சட்டையைப் பிடித்து இழுத்தது எல்லாம் நினைவிருந்தது. என்ன சொன்னான் என்பது ஒன்றுகூட வரவில்லை.

"செருப்பைப் பாத்து 'போயாம்'னு" என்றாள் கடைசியில்.

சின்னவள் நிமிர்ந்தாள். "ஆமாம்க்கா. அப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

பொய் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்ல. அன்னிக்கு மூடும்போது படிச்சேன்."

சின்னவள் குனிந்து அதையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் பெரியவள் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனாள். யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பயிற்சியாளர் நடந்ததைக் கேட்டுவிட்டு லேசாக எடுத்துக்கொண்டார். "பரவாயில்லைங்க, பையன் பேசுறான்ல. இனிமே போன்லயே ரெக்கார்டு பண்ணிக்குங்க." எழுதிக் கொண்டுபோனதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நன்றாக முன்னேறியிருக்கிறான் என்றார். பெரியவளுக்கு மூச்சு வந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்னவளின் முகம் மாறவில்லை என்பதைக் கவனித்தாள்.

"அவங்களுக்கு அது ரிப்போர்ட்டுக்கா" என்றாள் சின்னவள். "எனக்கு அப்படி இல்ல. பசங்களைப் பாடம் எழுதச் சொல்லிட்டு, நடுவுல அதை எடுத்து எடுத்துப் படிப்பேன்."

பெரியவள் மன்னிப்புக் கேட்கவில்லை. எத்தனை முறை கேட்டாலும் அது சின்னவளுக்குச் சுமையாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வாண்டு தூக்கச் சொல்லிக் கையை நீட்டினான். அம்மாவிடம்தான் நீட்டினான். சின்னவள் தூக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் சின்னவள் தேவைக்கு மட்டுமே பேசினாள். மரியாதை குறையவில்லை. அக்கா என்ற அழைப்பும் மாறவில்லை. ஆனால் படிக்கட்டின் கீழே நின்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோயிருந்தது. ஒருநாள் மாமியார் கண் டாக்டரிடம் போயிருந்தாள், கொழுந்தன் வேலையிலிருந்து வரவில்லை. டியூஷன் தொடங்கும் நேரம் சின்னவள் குழந்தையோடு மாடியேறி வந்தாள்.

"ஒரு மணி நேரம் பாத்துக்கிறீங்களா?"

பெரியவள் அவனை மாடியின் பின்பக்கத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனாள். துணி அலச வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். சாயங்கால வெயில் அதில் விழுந்து, மேலே கூரையில் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. வாண்டு தலையை நிமிர்த்திப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவளுடைய கையைப் பிடித்து மேலே காட்டினான்.

"ஆதுது" என்றான்.

அவள் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "என்னடா கண்ணா? என்ன பண்ணுது?"

"ஆதுது, பெம்மா."

பெரியம்மாவைத்தான் அப்படிக் கூப்பிட்டான். அவள் துணிகளை அப்படியே போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். சின்னவளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. பெரியவள் வாசலிலேயே நின்றாள். மறந்துவிடக் கூடாது என்று உதட்டுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வகுப்பு முடிந்து சின்னவள் கதவைத் திறந்தபோது, இருவரையும் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்னக்கா? விழுந்துட்டானா?"

"இல்ல, இல்ல. ஒரு வார்த்தை சொன்னான். தண்ணி வெளிச்சம் கூரையில அசையுறதைப் பாத்து."

அதைச் சொன்னபோதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எதையோ ஈடுகட்டக் கொண்டுவந்து நிற்பது போல.

"என்ன சொன்னான்?"

"ஆடுதுன்னு."

சின்னவள் குழந்தையைப் பார்த்தாள். "அது பழசுக்கா. முன்னாடியே சொல்லியிருக்கான். ஊஞ்சலைப் பாத்துன்னு நெனைக்கிறேன். போனதுல அதுவும் ஒண்ணு."

"சரிம்மா" என்றாள் பெரியவள். குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"இருங்க." சின்னவள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்ப எப்படிச் சொன்னான்னு எனக்கு மறந்துபோச்சு. அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். முகம் சூடேறியது. வாண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆதுது" என்றாள். "அப்புறம் பெம்மான்னான்."